கியர்பொக்ஸின் வயது

“அண்ணை, பாவிச்ச வான் ஒண்டு எடுக்கப் போறன். ஒடிசியோ சியென்னாவோ நல்லது?” ஸ்காபரோவில் கராச் வைத்திருக்கும் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கோடையில் ஒரு தரம் மொன்றியல் பயணம் என்று ஆனபின் காரில் அடங்காத குடும்பத்துக்கு மினிவானை விட்டால் வேறு வழியில்லை. கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு பெயரை. பெயரைச் சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நேரம் மிச்சம். ஆனால் பத்து வயது வானில் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. பிறேக், ரயர், சொக் அப்சோபர் எல்லாம் தேயத் தேய மாற்றுகிற சாமான்கள். வான் வாங்கிய காசையே விழுங்கக் கூடியது கியர்பொக்ஸ்தான். அதன் வயதைக் கம்பனிப் பெயரை வைத்தும் சொல்ல முடியாது, கிலோமீற்றரை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. எவ்வளவு சூடு பட்டது, உள்ளே ஓடியது என்ன ஒயில், அது எப்போது மாறியது என்ற கணக்கில்தான் அந்த வயது இருக்கிறது. இந்தத் தொழில் என்னைக் கொண்டுவந்து சேர்த்த முடிவு இது. இதற்கு மறுப்புகள் உண்டு, சில நியாயமானவையும்கூட.

மனுவல் கியரில் ஒயிலுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை, பற்கள் உராயாமல் பார்த்துக்கொள்வது. ஓட்டோமற்றிக்கில் அதே திரவம் நாலு பேருடைய வேலையைச் செய்கிறது. எஞ்சினின் சுழற்சியை டோர்க் கொன்வேட்டருக்குள் கடத்துவது அதுதான். கிளச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும் அழுத்தமும் அதுதான். பிடிக்கிற அந்தக் கணத்தில் தட்டுகள் அளவுக்கு மீறி வழுக்காமலும், வெடுக்கென்று இழுக்காமலும் இருக்க வேண்டிய உராய்வு, ஒயிலில் கலந்திருக்கும் இரசாயனத்தில் இருக்கிறது. இத்தனையும் முடிந்து எழும் சூட்டை அள்ளிக்கொண்டு ரேடியேட்டர்ப் பக்கம் போய் ஆறி வருவதும் அதே ஒயில். ஆகையால் ஒயில் கெட்டால் ஒரு வேலை கெடுவதில்லை. நாலும் சேர்ந்து கெடும். ஒயிலைக் கெடுப்பது முதலில் சூடு. 80 பாகை செல்சியஸ் அளவில் ஓடும் ஒயிலுக்கு உள்ள ஆயுள், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10, 11 பாகைக்கும் பாதியாகும் என்பது டிரான்ஸ்மிஷன் கடைகளில் நெடுநாளாகப் புழங்கும் கைக்கணக்கு. அதைத் துல்லியமான விதி என்று பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. போக்கு அதுதான் என்று வைத்துக்கொண்டாலே, 110 பாகையைத் தொட்ட ஒயிலுக்கு எட்டில் ஒரு பங்கு ஆயுள்தான் மிச்சம். பனியில் புதைந்த வானை முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்டி ஆட்டி எடுக்கும் பத்து நிமிடத்தில் எஞ்சினின் சக்தி சில்லுக்குப் போவதைவிட ஒயிலுக்குச் சூடாகப் போவதே கூட. ஹைவே 401 இல் மாலை நெரிசலில் நின்று நின்று ஊர்வதும் அதே கதையின் மெதுவான வடிவம்.

மினிவானுக்கு இதில் ஒரு தனிப் பாவம் உண்டு. அதன் கியர்பொக்ஸ் பெரும்பாலும் வானுக்கென்றே பிறந்ததல்ல. அதே கம்பனியின் செடான் காரோடு ஒரே குடும்பம். 2003 ஆம் ஆண்டு ஹொண்டா அக்கோர்ட் வி6 ஏறக்குறைய 1,500 கிலோ. அதே காலத்து ஒடிசி வெறும் வானாகவே 1,900 கிலோவுக்கு மேல். ஏழு பேரையும் பயணப் பெட்டிகளையும் ஏற்றினால் இன்னும் அரைத் தொன் கூடும். எஞ்சினும் கியர்பொக்ஸும் குறுக்கே படுத்திருக்கும் அந்தக் குறுகிய முன்பக்கத்தில் காற்றோட்டமும் குறைவு. கார் சுமக்க வேண்டியதை வான் சுமக்கிறது என்றால், காருக்குச் சொன்ன ஒயில் கணக்கு வானுக்குப் பொருந்தாது.

இனி ஒடிசிக்கு வருவோம், ஏனென்றால் என் வாதத்துக்கு மிகவும் உதவுவதும் மிகவும் இடைஞ்சல் தருவதும் அதுதான். 1999 இல் வந்த இரண்டாம் தலைமுறை ஒடிசி ரொறன்ரோவுக்கு வடக்கே, அலிஸ்ரன் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. 3.5 லீற்றர் வி6, 210 குதிரைவலு, நாலு கியர். 2002 இல் அதே எஞ்சின் 240 குதிரைவலுவாக உயர்ந்தது, கியரும் ஐந்தானது. ஹொண்டா அந்தக் காலத்தில் மற்றவர்களைப் போல நடுவில் ஒரு சக்கரமும் சுற்றிச் சிறு சக்கரங்களுமாக உள்ள கோள்சக்கர அமைப்பைப் பாவிக்கவில்லை. மனுவல் கியர்பொக்ஸைப் போல அருகருகே படுத்த தண்டுகள், அவற்றில் எப்போதும் கவ்விக்கொண்டிருக்கும் பற்சக்கரங்கள், கியருக்குக் கியர் ஒரு கிளச் கட்டு. அதில் இரண்டாம் கியருக்குப் போதிய ஒயில் போய்ச் சேரவில்லை. 2004 ஏப்ரலில் ஹொண்டா அமெரிக்காவில் ஏறக்குறைய 11 இலட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தது: 2002 முதல் 2004 வரையான ஒடிசி, அவற்றோடு பைலட், அக்கோர்ட் வி6, சில அக்கியூரா வண்டிகள். சில ஓட்ட நிலைகளில் இரண்டாம் கியரின் பற்கள் சூடேறி, தெறித்து, கியர்பொக்ஸ் ஓட்டத்திலேயே இறுகிவிடலாம் என்பது காரணம். செய்த திருத்தம் வேடிக்கையானது. 15,000 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டி என்றால், குளிரூட்டியிலிருந்து திரும்பி வரும் ஒயிலை நேரே இரண்டாம் கியரின் மேல் பீச்சுகிற சிறு குழாய் ஒன்றைப் பூட்டினார்கள். அதற்கு மேல் ஓடியது என்றால் முதலில் பல்லின் நிறத்தைப் பார்த்தார்கள். சூடேறிய உருக்கு நீலம் பாரித்துவிடும். நிறம் மாறியிருந்தால் கியர்பொக்ஸ் முழுதையும் மாற்றினார்கள். மாறாவிட்டால் குழாய் போதும். பத்து இலட்சம் வண்டிகளின் விதியை ஒரு விரல் அளவுக் குழாயும் ஒரு பல்லின் நிறமும் தீர்மானித்தன.

இங்கே ஒருவர் என்னை மறிக்கலாம். “அப்படியென்றால் பிழை வடிவமைத்தவருடையது. வண்டிக்காரர் மாதம் ஒருக்கால் ஒயில் மாற்றியிருந்தாலும் அந்தப் பல் தெறித்திருக்கும். வானைவிட நாலைந்நூறு கிலோ குறைந்த அக்கோர்ட்டும் அதே பட்டியலில் இருக்கிறதே, பாரத்தைப் பற்றி நீர் சொன்ன கதை என்னவாகிறது?” இது சரியான மறுப்பு, பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒயில் ரசீதால் காப்பாற்ற முடியாத கியர்பொக்ஸ்கள் உண்டு. 1999 முதல் 2004 வரையான ஒடிசி அவற்றில் ஒன்று. நாலு கியர் வந்த முதல் மூன்று வருடத்து ஒடிசிகளுக்கும் ஹொண்டா கியர்பொக்ஸ் உத்தரவாதத்தை 7 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. பாரம் தனியே குற்றவாளியல்ல என்பதும் மெய். அது ஏற்கெனவே உள்ள பலவீனத்தை விரைவுபடுத்துகிறது. ஆனால் மறுப்பின் மற்றப் பாதி என் பக்கம்தான் நிற்கிறது. அந்தப் பல் ஏன் தெறித்தது? ஒயில் சேரவில்லை, சூடு ஆறவில்லை. மருந்தாக ஹொண்டா கொடுத்தது வலுவான பல்லையல்ல, கூடுதல் ஒயிலை. அதைவிட, “ஹொண்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்” என்ற காலத்தில் நடந்தது இது. பெயர் காப்பாற்றவில்லை. 2002 ஒடிசிக்கும் ஆறு கியர் எல்லா வகைக்கும் வந்துவிட்ட 2014 ஒடிசிக்கும் கியர்பொக்ஸ் அளவில் சொந்தம் மிகக் குறைவு. பெயர்ப்பலகை மட்டும் ஒன்று. முதலாவதைப் பற்றிய கெட்ட பெயரை இரண்டாவதன் மேல் ஏற்றுவதும், இரண்டாவதன் நல்ல பெயரை நம்பி முதலாவதை வாங்குவதும் ஒரே பிழை.

கிறைஸ்லரின் கதை வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வருகிறது. மினிவான் என்ற சாமானை இந்தக் கண்டத்துக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முதன்மையானவர்கள் அவர்கள். 1983 நவம்பரில் ஒன்ராறியோவின் வின்சர் தொழிற்சாலையிலிருந்து முதல் வான் வெளியே வந்தது. 1989 இல் ஏ604 என்ற நாலு கியர் ஓட்டோமற்றிக்கை இறக்கினார்கள். விளம்பரத்தில் அதற்கு அல்ட்ராடிரைவ் என்று பெயர். கியர் மாற்றத்தை முழுக்க முழுக்கக் கணினியிடம் ஒப்படைத்து, கிளச் தேயத் தேயத் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் கியர்பொக்ஸ். அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய பாய்ச்சல். ஏதும் பிசகினால் கணினி இரண்டாம் கியரில் பூட்டிவிடும். ஹைவேயில் எஞ்சின் அலற, மணிக்கு அறுபதில் வீடு வந்து சேர வேண்டியதுதான். தொடக்க வருடங்களில் உள்ளுறுப்புகளிலும் கோளாறு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிகளைச் சீரழித்ததில் பெரும் பங்கு ஒயிலுக்கு. கிறைஸ்லர் தனக்கென்று வைத்திருந்த ஒயிலின் உராய்வுக் குணம் வேறு, எந்தப் பெற்றோல் நிலையத்திலும் கிடைத்த டெக்ஸ்ரொன் ஒயிலின் குணம் வேறு. கம்பனியே முதலில் தன் ஒயில் கிடைக்காவிட்டால் டெக்ஸ்ரொன் விடலாம் என்று இடம் கொடுத்துவிட்டது. விட்டவர்களின் வான், டோர்க் கொன்வேட்டர் பூட்டும் வேகத்தில் கொறகொறவென்று நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தைக் கண்டு கியர்பொக்ஸையே கழற்றிப் புதுப்பித்தார்கள். புதுப்பித்ததற்குள் திரும்பவும் டெக்ஸ்ரொன். சரியான ஒயில் ஏடிஎஃப்+3, பிறகு ஏடிஎஃப்+4 என்று நிலைபெற்ற பின்னரே அந்தச் சுற்று ஓய்ந்தது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு ஒயில் மாற்றுவதன் பெருமையைப் பற்றியதல்ல. மாற்றியதாலேயே கெட்ட வண்டிகள் இவை. ரசீதில் “டிரான்ஸ்மிஷன் சேர்விஸ்” என்று மட்டும் இருந்தால் அது எனக்குப் போதாது. ஹொண்டாவுக்கு டிடபிள்யூ-1, 2011 க்குப் பிந்திய ரொயோட்டா சியென்னாவுக்கு டபிள்யூஎஸ், கிறைஸ்லருக்கு ஏடிஎஃப்+4 என்று பெயர் எழுதியிருக்க வேண்டும். “எல்லா வண்டிக்கும் பொருந்தும்” என்று எழுதிய பீப்பாய் ஒன்று பல கராச்சுகளின் மூலையில் நிற்கிறது. எல்லாமே கேடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் சொந்த வானுக்கு அதிலிருந்து ஒரு சொட்டும் விட மாட்டேன்.

சியென்னாவைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டுமென்றால் அதன் நற்பெயர் உழைத்துச் சம்பாதித்தது. கியர்பொக்ஸால் பெயர் கெட்ட சியென்னா வருடம் என்று ஒடிசியின் 2002 ஐப் போல ஒன்றைச் சுட்டிக்காட்ட என்னால் முடியாது. ஆனால் அந்த நற்பெயரே பாவித்த வண்டியில் ஒரு கண்ணியாக மாறியிருக்கிறது. 2011 இல் வந்த தலைமுறையின் வி6 இல் தொடக்கத்தில் ஆறு கியர். கியர்பொக்ஸ் ஒயிலைப் பார்க்கும் அளவுகோல் இல்லை. ஒயில் மட்டத்தைப் பார்ப்பதென்றால் வண்டியை மட்டமாக உயர்த்தி, ஒயில் 40 பாகை அளவில் இருக்கும்போது கீழே ஓர் ஆணியைக் கழற்றி, ஒயில் மெல்லச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் செய்கிற வேலையல்ல. ஆகவே பெரும்பாலானோர் செய்வதுமில்லை. வழமையான ஓட்டத்துக்கு மாற்றும் காலக்கெடுவும் எழுதப்படவில்லை. அதை ஆட்கள் “ஆயுட்கால ஒயில்” என்று வாசித்துக்கொண்டார்கள். யாருடைய ஆயுள்? கனடாவில் எஞ்சின், கியர்பொக்ஸ் உத்தரவாதம் 5 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர். பாவித்த வான் வாங்குபவரின் கதை தொடங்குவதே அது முடிந்த பிறகுதான். ரொயோட்டாவின் பராமரிப்புக் கையேட்டைக் கடைசி வரை வாசித்தால் இன்னொன்றும் தெரியும்: இழுவை வண்டி கொழுவி ஓடினால், கூரையில் சுமை ஏற்றினால், பாரத்தோடு ஓடினால் 60,000 மைலுக்கு ஒருக்கால் ஒயிலை மாற்று என்று அமெரிக்கக் கையேடு சொல்கிறது. எட்டுப் பேரோடு மொன்றியலுக்குப் போய்வரும் வான் பாரம் ஏற்றிய வண்டியில்லை என்றால் வேறெது பாரம் ஏற்றியது?

அடுத்த மறுப்பு கராச்சுக்குள்ளேயே அடிக்கடி கேட்பது: “2 இலட்சம் கிலோமீற்றர் ஓடின வண்டிக்கு இனி ஒயில் மாத்தாதை. மாத்தினா நாளைக்கே கியர்பொக்ஸ் போயிடும்.” மூத்த மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள், வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. தேய்ந்த கிளச்சின் பொடி பழைய ஒயிலில் மிதந்து, அந்தப் பொடியே கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். புது ஒயில் வந்ததும் அது போய்விடும். இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவினால் மூலையில் படிந்த கசடு கிளம்பி வால்வுகளின் நுண்துளைகளை அடைக்கவும் கூடும். ஆனால் இந்த அனுபவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிகட்டல் நடந்திருக்கிறது. 2 இலட்சம் வரை ஒயிலை நினைக்காதவர் திடீரென்று ஏன் நினைக்கிறார்? கியர் வழுக்கத் தொடங்கியதால். சாகக் கிடந்ததைத்தான் கொண்டுவருகிறார். பிறகு செத்ததற்கு ஒயில் மேல் பழி. நோயில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வானுக்கு மெதுவாக மாற்ற வழி உண்டு. பழைய ஹொண்டாக்களில் அடி ஆணியைக் கழற்றினால் இறங்குவது 3 லீற்றர் அளவு. மொத்தம் ஏறக்குறைய 7. மிச்சம் டோர்க் கொன்வேட்டருக்குள் தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் உள்ளே பழையது 57 வீதம், இரண்டாம் முறை 33, மூன்றாம் முறை 19. சில நூறு கிலோமீற்றர் இடைவெளி விட்டு மூன்று தரம் செய்தால் கியர்பொக்ஸ் அதிர்ச்சியடையாமலே ஐந்தில் நாலு பங்கு புதிதாகிவிடும். செலவு, கியர்பொக்ஸ் மாற்றும் செலவில் பத்தில் ஒன்றும் வராது. வழுக்கத் தொடங்கிவிட்ட வண்டிக்கு மட்டும் மூத்தவர்கள் சொல்வதே சரி. அதற்கு ஒயிலால் ஆவது ஒன்றுமில்லை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு நடைமுறையைச் சேர்ந்தது: ரசீதை யார் வைத்திருக்கிறார்கள்? மூன்று கை மாறி வந்த வானில் கையுறைப் பெட்டிக்குள் இருப்பது பழைய பார்க்கிங் ரிக்கற்றுகள்தான். உண்மை. அப்போது வானையே சாட்சி சொல்ல வைக்க வேண்டும். அளவுகோல் உள்ள வண்டி என்றால் அதை இழுத்து ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். நல்ல ஒயில் இளஞ்சிவப்பாகப் பரவும். பழையது கபில நிறத்தில் பரவி, நடுவில் ஒரு கரும்புள்ளியை விட்டுச் செல்லும், அதுதான் கிளச்சின் பொடி. முகர்ந்தால் கருகிய வாடை வந்தால் வேறு வானைப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பால்போலக் குழம்பியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் குளிரூட்டி ஓட்டையாகிக் கூலன்ற் கலந்துவிட்டது. அதைத் திருத்துவதில் பொருளில்லை. பளிச்சென்ற செக்கச்சிவந்த புது ஒயிலும் எனக்குச் சந்தேகம்தான்: விற்பதற்கு முதல் நாள் மாற்றியதா? விற்பவர் எதையாவது மறைக்கிறாரா என்பதற்கு ஒயிலைவிட எஞ்சினின் சூடு நல்ல பதில் சொல்லும். வானைப் பார்க்கப் போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்காக எழுப்பி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த வண்டியில் பிறேக்கை மிதித்துக்கொண்டு பின் கியரைப் போட்டால் ஒரு வினாடிக்குள் கவ்வ வேண்டும். இரண்டு வினாடி யோசித்துவிட்டுத் தடாரென்று கவ்வினால் உள்ளே அழுத்தம் கசிகிறது. பிறகு மணிக்கு 60 இலிருந்து 80 வரை, அக்சிலரேற்றரை மெல்ல மட்டும் தொட்டு ஓட்டுங்கள். சொரசொரப்பான பட்டையின் மேல் ஓடுவதுபோலச் சில வினாடி நடுங்கி நின்றால் டோர்க் கொன்வேட்டர் பூட்டுக் கிளச் தேய்ந்திருக்கலாம். 2005 க்குப் பிந்திய ஒடிசிகள் பலவற்றில் எஞ்சின் பாதிச் சிலிண்டரை நிறுத்தி ஓடும் ஏற்பாடு உண்டு. அதன் நடுக்கத்தையும் ஆட்கள் கியர்பொக்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள், ஆகவே நடுக்கத்தைக் கேட்ட உடனே ஓடிவிடவும் வேண்டாம். கடைசியாக, சிறு ஸ்கேனர் ஒன்றைக் கொழுவுங்கள். கோளாறுக் குறி எதுவும் இல்லை என்பதைவிட, வண்டியின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் கிடந்தால் அண்மையில் யாரோ குறிகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

“சேஃப்டி சான்றிதழ் இருக்குத்தானே” என்று ஆறுதல்படுவோருக்கு ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குச் செல்லும். வண்டி தெருவில் ஓடுவதற்கான குறைந்தபட்சத் தகுதியை, பிறேக், ஸ்டியரிங், ரயர், விளக்கு, துரு என்று பார்க்கிறது. கியர்பொக்ஸ் இன்னும் எத்தனை நாள் கிடக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. ஆனால் வண்டியைத் தூக்கியிருக்கும் அந்த நேரத்தில் குளிரூட்டிக்குப் போகும் ஒயில் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கியர்பொக்ஸ்களை இந்த ஊரில் தெருவுப்பு கொல்வது அந்தக் குழாய்களைத் துருப்பிடிக்க வைத்துத்தான்.

சியென்னா 2021 இலிருந்து ஹைபிரிட்டாக மட்டுமே வருகிறது. அதில் டோர்க் கொன்வேட்டரும் இல்லை, தேயும் கிளச் கட்டுகளும் இல்லை. இரண்டு மின்மோட்டர்களும் ஒரு கோள்சக்கரமும். நான் இவ்வளவு நேரம் வரிசைப்படுத்திய நோய்களில் பெரும்பாலானவை அதற்கு வர வழியில்லை. வசதியுள்ளவர் எடுக்கட்டும். ஆனால் கேள்வி கேட்டு வருகிறவர்களின் கைக்காசு பத்து, பன்னிரண்டு வயது வானுக்குத்தான் போதும். அந்த வரம்புக்குள், சரியான ஒயிலின் பெயரோடு மூன்று ரசீது உள்ள 2014 ஒடிசியை, ரசீதே இல்லாத அதே வயதுச் சியென்னாவுக்கு முன்னால் எடுப்பேன். விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். இரண்டிலும் ரசீது இல்லையென்றால் சியென்னா, அதுவும் குளிரில் எழுப்பிப் பார்த்த பிறகு.